மண்புழு உரப்பை, மூன்று வருடத்துக்குப் பிறகு: என் கோபமெல்லாம் அந்தச் சல்லடை மேல்தான்

நேற்று நண்பன் போன் செய்தான். "உரப்பை வாங்கிட்டேன் மாப்ள. புழு ஒரு கிலோதான் குடுத்தாங்க. பாதியா நறுக்கிப் போட்டா ரெட்டிப்பாகும்னு கடைக்காரர் சொல்றாரு, செய்யட்டா?" கத்தியைக் கீழே வைடா என்று சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என்னுடையது 12க்கு 4 அடி பை, சாணமும் குப்பையும் போட்டுப் புழு வளர்த்து உரம் எடுக்கிறது. உள்ளே ஐசீனியா ஃபெடிடா என்கிற சிவப்புப் புழு. தையல், கனம் எதிலும் குறை இல்லை. மூன்று கோடை தாங்கிவிட்டது.

முதலில் அந்த நறுக்கும் கதை. தலைப்பக்கத் துண்டு பிழைத்தால் வால் வளரும், அவ்வளவுதான். வால்பக்கத் துண்டில் தலை முளைக்க வேண்டிய இடத்தில் இன்னொரு வால் முளைப்பதை அமெரிக்க உயிரியலாளர் டி.எச்.மார்கன் 1899லேயே எழுதிவிட்டார். வாயில்லாத புழு பட்டினியில்தான் சாகும். தானாகவே பத்துத் துண்டுபோல உடைந்து, நாலைந்து நாளில் ஒவ்வொன்றும் முழுப் புழுவாகிற இனமும் இருக்கிறது. அது என்கைட்ரேயஸ் ஜப்பானென்சிஸ், ஜப்பானில் கண்ட பொடி வெள்ளைப்புழு. நம் பையில் இருப்பது அதுவல்ல.

நம் புழுவுக்கு ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே உடம்பில். ஆனாலும் ஜோடி சேரும். ஒரு மழை ராத்திரியில் ஈரச் சாக்கைத் தூக்கி டார்ச் அடித்தேன். இரண்டு புழுக்கள் தலைமாடு கால்மாடாக ஒட்டிக் கிடந்தன, விந்தை மாற்றிக்கொள்வதற்காக. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிரிந்த பிறகு, முன்பாதியில் இருக்கும் தடித்த பட்டை ஒரு வளையத்தைச் சுரக்கும். புழு பின்னால் நழுவ நழுவ, முட்டையையும் சேமித்த விந்தையும் வாங்கிக்கொண்டு அந்த வளையம் தலைவழியே கழன்று, இரண்டு முனையும் மூடிக்கொள்ளும். அதுதான் முட்டைக்கூடு. குட்டி எலுமிச்சம்பழம்போல இருக்கும், பொரியும் சமயம் செம்பழுப்பாகும். மூன்று வாரம் போனால் நூல்போலக் குட்டிகள், ஒரே கூட்டிலிருந்து இரண்டு மூன்றுகூட.

இந்தக் கூடு நாலைந்து மில்லிமீட்டர் நீளம், அகலம் அதைவிடக் குறைவு. பையோடு கொடுத்த சல்லடையின் கண் 4 மில்லிமீட்டர்! பெரிய புழு மேலே நிற்கும், கூடெல்லாம் உரத்தோடு கீழே போய்விடும். முதல் வருடம் சலித்த உரத்தை மூட்டை கட்டி மொட்டைமாடியில் வைத்தேன். ஒரு தலைமுறையே அங்கே காய்ந்துபோனது. புழு குறைகிறதே என்று கடையில் கேட்டால், இன்னொரு கிலோ வாங்கிப் போடச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா, நான் கொடுத்த உரம் போட்ட கறிவேப்பிலைத் தொட்டியைக் கிளறிவிட்டு, "தம்பி, பொடிப்பொடியா என்னமோ நெளியுது பாரு" என்று கூப்பிட்ட அன்றுதான் விஷயம் புரிந்தது.

இப்போது சலித்த உரத்தை ஈரம் காயாமல் நிழலில் ஒரு மாதம் குவித்து, ஓரத்தில் மக்கிய சாணம் வைக்கிறேன். பொரிந்த குட்டிகள் சாணத்துக்கு வந்துவிடும். அதை அப்படியே அள்ளிப் பையில் போட்டால் போதும். இரண்டு வருடமாகக் காசு கொடுத்துப் புழு வாங்கவில்லை.

பை நல்ல பைதான். ஆனால் கூடவே தருகிற தாளில் முட்டைக்கூடு என்று ஒரு வார்த்தை இல்லை. அதை அச்சடிக்கிறவரை இந்தப் பையை யாருக்கும் சொல்லமாட்டேன். சிமென்ட் தொட்டி கட்டிக்கொள்ளுங்கள்.