கடைசி கமா வேண்டுமா, வேண்டாமா? ஆங்கிலக் கமாவின் எதிரெதிர் அணிகள்

ஆங்கில வாக்கியத்தில் கமா எங்கே வரும் என்று நான்கு பேரைக் கேட்டால் நான்கு விதமாகச் சொல்வார்கள். நான்கு பேரும் நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்களாகவே இருக்கலாம். சில இடங்களில் கமா வெறும் பழக்கம்: இப்படியும் போடலாம், அப்படியும் விடலாம். வேறு சில இடங்களில் கமா மாறினால் பொருளே மாறிவிடும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தலைவலி.

பெரிய சண்டை பட்டியலின் கடைசி கமாவைப் பற்றியது. "பென்ஸ், பென்சில்ஸ் அண்ட் பேப்பர்" என்று எழுதுவதா, "பென்ஸ், பென்சில்ஸ், அண்ட் பேப்பர்" என்று எழுதுவதா? 'அண்ட்'டுக்கு முன்னால் வரும் இந்தக் கமாவை ஆக்ஸ்ஃபோர்டு கமா என்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால் வந்த பெயர். அமெரிக்காவில் புத்தகம் பதிப்பவர்கள் எழுத்து விதிகளுக்காகப் பார்க்கும், 1906-இல் முதல் பதிப்பு வந்த சிகாகோ நடைக் கையேடும் அதே அணிதான். எதிரணியில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு நிற்கிறது: எளிய பட்டியலில் வேண்டாம், குழப்பம் வருமென்றால் மட்டும் போடு என்கிறது. பிரிட்டிஷ் நாளிதழ்களும் பெரும்பாலும் அதைப் போடுவதில்லை. பொதுவாகச் சொன்னால், புத்தகக்காரர்கள் ஒரு பக்கம், செய்தித்தாள்காரர்கள் மறுபக்கம்.

வேண்டும் என்பவர்கள் கையில் வலுவான ஆயுதம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், எந்தெந்த வேலைகளுக்கு ஓவர்டைம் கூலி கிடையாது என்று ஒரு சட்டம் பட்டியல் போட்டிருந்தது. பதப்படுத்துதல், உறையவைத்தல், சேமித்தல் என்று போகும் அந்தப் பட்டியல் "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்" என்று முடிந்தது. 'ஆர்' என்ற சொல்லுக்கு முன்னால் கமா இல்லை. பொதி கட்டுவது ஒரு வேலை, விநியோகம் இன்னொரு வேலை, ஆகவே விநியோகம் செய்யும் ஓட்டுநர்களுக்கு ஓவர்டைம் இல்லை என்றது ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனம். அனுப்பவோ விநியோகிக்கவோ பொதி கட்டுவது என்று அது ஒரே வேலைதான், நாங்கள் பொதி கட்டுவதே இல்லை என்றார்கள் ஓட்டுநர்கள். பட்டியலில் மற்ற வேலைகள் எல்லாம் 'இங்' விகுதியில் முடிய, 'டிஸ்ட்ரிப்யூஷன்' மட்டும் அப்படி முடியவில்லையே என்பதும் அவர்கள் வாதம். கீழ் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது. 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லை, அந்த ஐயத்தின் பலன் தொழிலாளிக்கே என்று சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு வழக்கு 50 லட்சம் டாலருக்குச் சமரசமானது. இதில் வேடிக்கை, மெயின் மாநிலத்தின் சட்டம் எழுதும் கையேடே அந்தக் கமாவைப் போடாதே என்றுதான் சொல்லியிருந்தது. பிறகு சட்டத்தைத் திருத்தியபோது கமாவையே நம்பாமல், ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் அரைப்புள்ளி (;) வைத்துவிட்டார்கள்.

அதற்காகக் கடைசி கமா எப்போதும் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். "ஐ மெட் மை பாஸ், எ போயட், அண்ட் ரவி" என்று எழுதிப் பாருங்கள். மேலதிகாரி, ஒரு கவிஞர், ரவி என்று மூன்று பேரா? கவிஞராகவும் இருக்கும் மேலதிகாரியும் ரவியும் என்று இரண்டே பேரா? இங்கே குழப்பத்தைக் கொண்டுவந்ததே அந்தக் கமாதான். அதை எடுத்துவிட்டால் மூன்று பேர் என்பது தெளிவு. ஆனாலும் நான் போடும் அணிதான். போட்டதால் குழம்பும் வாக்கியங்களை வரிசை மாற்றிச் சரிசெய்துவிடலாம். விட்டதால் வரும் குழப்பம் எழுதியவர் கண்ணுக்குச் சட்டென்று தெரிவதில்லை. வேலை செய்யும் இடத்தில் வேறு விதி இருந்தால், சரி, அதைப் பின்பற்றிவிட்டுப் போகலாம்.

அடுத்த போட்டி, மூச்சு விடும் இடத்தில் கமா போடுவதா, இலக்கணம் கேட்கும் இடத்தில் போடுவதா என்பது. பலருக்குப் பள்ளியில் கிடைத்தது மூச்சு விதிதான். அதற்கு நீண்ட வரலாறும் உண்டு. உரக்கப் படிப்பதற்காகவே நிறுத்தக்குறி வைத்த காலம் இருந்தது. அமெரிக்க அரசியலமைப்பில் 1791-இல் ஏற்கப்பட்ட இரண்டாவது திருத்தத்தில் "தி ரைட் ஆஃப் தி பீப்பிள் டு கீப் அண்ட் பேர் ஆர்ம்ஸ், ஷல் நாட் பி இன்ஃப்ரிஞ்ட்" என்று வரும். 'ஆர்ம்ஸ்' என்பதை அடுத்து வரும் கமாவை இன்றைய ஆசிரியர் எவரும் சிவப்பு மையால் வட்டமிடுவார், ஏனென்றால் அது எழுவாயையும் பயனிலையையும் வெட்டிப் பிரிக்கிறது. மூச்சை நம்பி எழுதுபவர்கள் இன்றும் வழுக்கும் இடம் இதுவே. எழுவாய் நீளமாக இருந்தால் மூச்சு முட்டும், கை தானாகக் கமா போடும்: "தி மேன் ஹூ கேம் எஸ்டர்டே மார்னிங், இஸ் மை அங்கிள்". இது தவறு.

ஆனால் மூச்சு விதியைக் குப்பையில் போடவும் முடியாது. "ஆஃப்டர் வி வாஷ்ட் தி கார் லுக்ட் நியூ" என்பதைக் கமா இல்லாமல் படித்தால், காரைக் கழுவிய பிறகு என்று ஓடிப்போய் முட்டி நின்று திரும்பி வர வேண்டியிருக்கிறது. 'வாஷ்ட்' முடிந்ததும் கமா போட இலக்கணமும் சொல்கிறது, மூச்சும் சொல்கிறது. எழுதும்போது இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டு, முடித்ததும் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்ப்பதுதான் எனக்குத் தோதான கலவை.

இரண்டு முழு வாக்கியங்களைச் சேர்க்கும் இடத்தில் போட்டியாளர்கள் அதிகம். "இட் ரெயின்ட் ஆல் நைட், தி ரோட் வாஸ் க்ளோஸ்ட்" என்று வெறும் கமாவால் ஒட்டினால் அது பிழை என்பதுதான் பொது வழக்கு. கமாவோடு 'ஸோ' சேர்த்தால் காரணம் தெரியும். அரைப்புள்ளி வைத்தால் உறவு தெரியும், ஆனால் என்ன உறவு என்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். முற்றுப்புள்ளி வைத்தால் தவறே வராது. ஐயம் வந்தால் முற்றுப்புள்ளி வைத்துவிடுங்கள். 'ஹவெவர்' என்ற சொல் மட்டும் ஏமாற்றும்: 'பட்' போல இருக்கும், ஆனால் கமாவோடு சேர்ந்து இரண்டு வாக்கியங்களை ஒட்டும் உரிமை அதற்குக் கிடையாது. "ஐ கேம், ஐ சா, ஐ கான்கர்ட்" போன்ற குட்டி வாக்கியங்களுக்கு விலக்கு உண்டு.

அணியே இல்லாத இடம் ஒன்று இருக்கிறது. தமிழர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியதும் அதுதான். "தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஃபினிஷ்ட் எர்லி வென்ட் ஹோம்" என்றால் சீக்கிரம் முடித்தவர்கள் மட்டும் வீட்டுக்குப் போனார்கள், மற்றவர்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். "தி ஸ்டூடன்ட்ஸ், ஹூ ஃபினிஷ்ட் எர்லி, வென்ட் ஹோம்" என்றால் மாணவர்கள் எல்லோருமே சீக்கிரம் முடித்துவிட்டு எல்லோருமே போய்விட்டார்கள். "சீக்கிரம் முடித்த மாணவர்கள் வீட்டுக்குப் போனார்கள்" என்ற தமிழ் வாக்கியம் இரண்டையும் தாங்கும், சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் கமாவை அலட்சியமாக விட்டால், சொல்ல வராத செய்தியைச் சொன்னதாகிவிடும். இந்தக் கமாக்கள் இரட்டையாகவே வரும். திறந்துவிட்டு மூடாமல் போனால் வாக்கியம் எங்கே சேருகிறது என்றே தெரியாது.

மிச்சமிருப்பவை நாட்டுக்கு நாடு மாறும் வழக்கங்கள். அமெரிக்கர்கள் "ஜூலை 4, 1776" என்று கமா போடுவார்கள், வாக்கியத்தின் நடுவில் வந்தால் ஆண்டுக்குப் பிறகும் ஒன்று. பிரிட்டிஷ் முறையில் "4 ஜூலை 1776", கமாவே வேண்டாம். மேற்கோளின் கடைசியில் வரும் கமாவை அமெரிக்கர்கள் மேற்கோள் குறிக்குள்ளேயே வைப்பார்கள். மேற்கோளின் பகுதியாக இல்லாவிட்டால் பிரிட்டிஷ்காரர்கள் வெளியே வைப்பார்கள். மென்பொருள் எழுதுபவர்களுக்கு இரண்டாவதுதான் வசதி. தட்டச்சு செய்ய வேண்டிய கட்டளையை மேற்கோளுக்குள் கொடுக்கும்போது ஒரு கமாவும் உள்ளே போய்விட்டால், படிப்பவர் அதையும் சேர்த்தே தட்டிவிடுவார்.