வீட்டிலேயே படித்த பத்து வருடம்: இன்று திரும்பிப் பார்க்கையில்

2002 ஜூனில் நான் மூன்றாம் வகுப்புக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது. 2012-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும்வரை கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டில்தான் படித்தேன். பிறகு பி.காம்., ஆடிட்டர் ஆபீஸ் வேலை, கல்யாணம், ஒரு மகள். பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் வருடத்துக்கு வருடம் மாறி வந்திருக்கிறது. இப்போதைய பதிலை எழுதி வைக்கிறேன்.

படிப்பில் எனக்குக் குறையே இல்லை. பின்னக் கணக்கை அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டு அரிசி மூட்டைக்கு முன்னால் கற்றேன். படியையும் ஆழாக்கையும் என் கையில் கொடுத்துவிட்டு அம்மா தரையில் உட்கார்ந்துகொள்வார். ஒரு படிக்கு நாலு உழக்கு, எட்டு ஆழாக்கு. "அரைப்படியில கால் பங்கு எடு கண்ணு" என்பார். அரைப்படியை நாலு குவியலாகப் பிரித்து, ஒரு குவியலை ஆழாக்கில் போட்டுத் தலைதட்டிப் பார்ப்பேன். சரியாக நிற்கும். "அப்போ அரையில கால் எவ்வளவு?" "எட்டுல ஒண்ணும்மா!" மூன்று நாள் இதே விளையாட்டு. நான்காம் நாள் நோட்டில் எழுதியபோது ஒரு கணக்குகூடத் தப்பவில்லை. புரியும்வரை ஒரே இடத்தில் நிற்கலாம், யாரும் இழுத்துக்கொண்டு ஓடமாட்டார்கள். அந்த நிதானம் இன்றும் என் வேலையில் கூடவே இருக்கிறது. ஒரு கணக்கு இடித்தால் பதறாமல் முதலிலிருந்து பார்ப்பேன்.

பகலில் கடைக்குப் போனால் மட்டும், "ஏங்கண்ணு, பள்ளிக்கூடம் போகலையா, காய்ச்சலா?" என்று யாராவது கேட்பார்கள். நானும் தலையாட்டிவிடுவேன். பொய் சொன்ன உறுத்தல் அன்று முழுக்க இருக்கும்.

சான்றிதழுக்கு எங்களுக்குக் கைகொடுத்தது என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989 முதல் இயங்கும் மத்திய அரசு அமைப்பு. பதினான்கு வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு. ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுதத் தேவையில்லை. பதிவு ஐந்து வருடம் செல்லும். நான் முதலில் மூன்று, ஆறு மாதம் கழித்து இரண்டு என்று எழுதினேன்.

முதல் தேர்வன்று நடந்தது கண்முன்னே நிற்கிறது. மணி அடித்ததும் எல்லோரும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். நான் கேள்வித்தாளைக் கதைப் புத்தகம் போல ஆர அமரப் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி அரைமணியில் விரல்கள் மரத்துப்போயின. நன்றாகத் தெரிந்த இரண்டு கேள்விகளை விட்டுவிட்டு எழுந்தேன். கடிகாரத்தை வைத்து எழுதும் பழக்கம் எனக்கு வீட்டில் வரவே இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்தாவது அதைப் பழக்குங்கள்.

கல்லூரியில் சேரும்போது கவுன்ட்டரில் டி.சி. கேட்டார்கள். என்.ஐ.ஓ.எஸ். தரும் இடப்பெயர்வுச் சான்றிதழே மாற்றுச் சான்றிதழும்தான். அங்கிருந்தவர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அப்பா மூன்று முறை அலைந்தார். அதைவிட வகுப்பறைதான் கஷ்டமாக இருந்தது. என்னைப் பிடிக்காத ஒருத்தியுடன் ஒரே பெஞ்சில் ஒரு செமஸ்டர் உட்கார்ந்திருப்பது எப்படி என்று பதினெட்டு வயதில்தான் கற்றுக்கொண்டேன். வீட்டுக்கு வந்துபோனவர்கள் எல்லோருமே என்னைப் பிடித்தவர்கள். அந்த முதல் வருடம் பல நாள் பாத்ரூமில் அழுதிருக்கிறேன்.

தம்பிக்கு வீட்டுப் படிப்பு இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. "கிரிக்கெட் ஆட ஆள் வேணும்மா" என்று பத்து வயதில் அடம்பிடித்துப் பள்ளியில் சேர்ந்தான். அவன் கேட்டதும் சேர்த்துவிட்டதுதான் என் பெற்றோர் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று.

இவ்வளவு நாள் நான் யாரிடமும் சொல்லாமல் விட்டது அம்மாவைப் பற்றி. அவர் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. எனக்காக வேலையை விட்டபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. பாடம் சொல்லித்தருவது, சமைப்பது, சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர் தலையில்தான். 2007-இல் அவருக்கு டைபாய்டு வந்தது. இரண்டு மாதம் எங்கள் படிப்பே நின்றுபோனது. அப்பாவுக்கு எந்தப் பாடம் எதுவரை நடந்தது என்றே தெரியவில்லை. அன்று அது எனக்கு லீவு. என் மகள் பிறந்த பிறகுதான் அம்மாவிடம் கேட்டேன், மறுபடியும் இதைச் செய்வீர்களா என்று. "செய்வேன் கண்ணு. ஆனா வேலையை விடமாட்டேன்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் பத்தாவது பிரிவு. மீறும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. ஆனாலும் அதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். நாங்கள் மகளை வரும் ஜூனில் பள்ளியில் சேர்க்கிறோம்.

நீங்கள் வீட்டில் படிக்க வைப்பதாக இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அம்மாவைத் தவிர வேறொருவர் பாடம் நடத்தட்டும். அப்பாவோ, தாத்தாவோ, அதே எண்ணமுள்ள இன்னொரு குடும்பமோ. அந்த ஆள் யார் என்று இப்போதே பெயர் சொல்ல முடியாவிட்டால், இந்த வருடம் தொடங்காதீர்கள்.