காதுச் சுவரை எடுப்பதா, விடுவதா?

வருஷக்கணக்கில் சீழ் வடிந்த காதில் கொலஸ்டீட்டோமா என்று தெரிந்துவிட்டால் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே இல்லை. அது கட்டியல்ல, இருக்கக்கூடாத இடத்தில் வளரும் தோல்தான், ஆனால் எலும்பை அரித்துக்கொண்டே போகும், விட்டால் முகநரம்பு, மூளை வரைக்கும் வினை. எந்த ஆபரேஷன் என்பதில்தான் குழப்பம். காதுக் குழாயின் பின்சுவரை எடுத்து, பின்னாலிருக்கும் மாஸ்டாய்டு எலும்பின் அறையையும் குழாயையும் ஒரே குழியாக்குவது ஒன்று. சுவரை அப்படியே வைத்துக்கொண்டு பின்பக்கமாகப் போய் நோயை எடுப்பது இன்னொன்று. சுவரை எடுப்பதை டாக்டர்கள் டவுன் என்பார்கள், வைத்துக்கொள்வதை அப் என்பார்கள். நான் டவுன் செய்துகொண்டவன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லவே வேண்டாம்.

காது கேட்பதை வைத்து முடிவு செய்யப் பார்க்காதீர்கள். சராசரியில் அப் கொஞ்சம் மேல் என்றாலும், சத்தத்தை உள்காதுக்குக் கடத்தும் குட்டி எலும்பான அங்கவடி மிஞ்சியிருக்கிறதா, நடுக்காதில் காற்றோட்டம் இருக்கிறதா என்பவைதான் அதை அதிகம் தீர்மானிக்கின்றன. தழும்பு இரண்டிலும் பெரும்பாலும் காதுக்குப் பின்னால்தான், முடியில் மறைந்துவிடும்.

உண்மையான வித்தியாசம் பத்து வருஷம் கழித்து அந்தக் காதை யார், எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதில் இருக்கிறது. அப் செய்தால் வெளியிலிருந்து பார்க்க இயல்பான காது, குளிக்கலாம், நீந்தலாம். ஆனால் சுவருக்குப் பின்னால் ஒரு துணுக்குத் தோல் மிஞ்சியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நோய் திரும்பி வருவது அதில்தான் அதிகம், அதனால் ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் மறுபடி திறந்து பார்ப்பார்கள், அல்லது மிஞ்சிய தோலைக் காட்டும் டிஃப்யூஷன் எம்ஆர்ஐ என்ற ஸ்கேன் எடுப்பார்கள். அந்த ஸ்கேனும் 3 மி.மீ.க்குக் குறைவான துணுக்கைத் தவறவிடலாம், ஆகவே ஒருமுறை எடுத்தோம், முடிந்தது என்று விட முடியாது. வலி போய், சீழும் நின்று, காது நன்றாக இருக்கும்போது இன்னொரு ஆபரேஷனுக்கு எத்தனை பேர் கிளம்புவோம், சொல்லுங்கள்? சிறு ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர் அநேகமாக வரமாட்டார்.

டவுனில் குழி திறந்தே கிடக்கிறது. மைக்ரோஸ்கோப்பை வைத்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆனால் சும்மா விடாது. அழுக்கைத் தானாக வெளியே தள்ளும் வழி போய்விட்டதால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஒருமுறை உறிஞ்சி எடுக்க வேண்டும், ஆயுசுக்கும். உள்ளே சமநிலை பார்க்கும் அரைவட்டக் குழாய் கிட்டத்தட்ட வெளியில் இருக்கிற மாதிரிதான், உறிஞ்சும் குழாயின் குளிர்ந்த காற்று பட்டதும் நாற்காலியோடு அறை சுற்றும். சொட்டு மருந்தைக் கூட உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கித்தான் விட வேண்டும். தலைக்குக் குளிக்கும்போது காதில் வாஸலைன் தடவிய பஞ்சு. தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கும் அதுதான். குற்றாலம் அருவியை நான் கரையிலிருந்து ரசிப்பதோடு சரி.

இந்தப் பராமரிப்பு சுலபமா, தொல்லையா என்பது குழி வெட்டிய விதத்தில் இருக்கிறது. முகநரம்பு ஓடும் மேட்டை நன்றாகத் தணிக்காமல் விட்டால் அதற்குப் பின்னால் பள்ளம் விழுந்து அழுக்கு தேங்கும், காது மறுபடி ஈரமாகும், சீழும் வரும். காது வாசலை அகலப்படுத்தாவிட்டால் உள்ளே பார்க்கவும் முடியாது, காற்றும் போகாது. ஆகவே, “எந்த முறை?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “மேட்டை எவ்வளவு தணிப்பீர்கள், வாசலை எவ்வளவு பெரிசாக்குவீர்கள்?” என்றும் கேளுங்கள். வாசல் பெரிசானால் ஹியரிங் எய்டு அச்சு சரியாக உட்காராமல் விசிலடிக்கும், அதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

சுவரை எடுத்தபின் குழியை எலும்புத்தூள், குருத்தெலும்பு, சதையால் நிரப்பிவிடும் வழியும் உண்டு. துடைக்கும் வேலை மிச்சம், ஆனால் நிரப்பியதற்கு அடியில் நோய் இருந்தால் மறுபடி ஸ்கேன்தான். அதைச் செய்துகொண்டவர்களோடு நான் அதிகம் பேசியதில்லை, அதனால் இதற்கு மேல் சொல்வதற்கில்லை. குழந்தைகளுக்கும் என் கணக்கு அப்படியே பொருந்தாது, அவர்களுக்கு நோய் வேகமாகத் திரும்பும், முன்னால் இருக்கும் ஆயுசும் நீளம். நீச்சல் விடமுடியாதவர், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பவர், கூப்பிட்ட தேதிக்குத் தவறாமல் போகிறவர் என்றால் அப் செய்துகொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.