பழைய அவுட்போர்டு எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

படகின் பின்புறம் மாட்டுகிற அந்த எஞ்சினில் 92,000 ரூபாய் போச்சு. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து எடுத்த பணம். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

தரங்கம்பாடிக்கு வடக்கே எங்கள் பக்கம் நாலு ஊர்ப் பையன்கள் சேர்ந்து, கொள்ளிடம் முகத்துவாரத்தில் ஃபைபர் படகுப் போட்டி வைக்கிறோம். 2018-இல் விஜயவாடாவில் கிருஷ்ணா ஆற்றில் நடந்த எஃப்1 படகுப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில் ஆரம்பித்தது. முதலில் குதிரைத்திறன் வைத்துப் பிரித்தோம், சண்டையில் முடிந்தது. மூடியில் 9.9 என்று ஸ்டிக்கர் இருக்கும், உள்ளே 15 இருக்கும். பல கம்பெனிகளில் இரண்டுக்கும் பிளாக் ஒன்றுதான், கார்புரேட்டர் மாதிரி சில சாமான்கள்தான் வேறு. அதனால் மோட்டார் படகுப் பந்தயங்களின் சர்வதேச அமைப்பான யு.ஐ.எம். வழியில் சிசிக்கு, அதாவது சிலிண்டர் கொள்ளளவுக்கு, மாறினோம். அங்கே ஓ-125, ஓ-175, ஓ-250 என்று வகுப்புகள். ஓ-250 என்றால் 250 சிசியைத் தாண்டக் கூடாது.

நான் தேடியது 246 சிசி டூ ஸ்ட்ரோக். இரண்டு சிலிண்டர், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 56 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50. பழைய படகு எஞ்சின் வாங்கி விற்கிற ஒரு கடையில் கிடைத்தது. "போர் போட்டதா அண்ணே?" என்று மூன்று தடவை கேட்டேன், அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் போட்டதா என்று. "கம்பெனி பிஸ்டன் தம்பி, ஹெட்டுல ஸ்பேனரே படல" என்றார் கடைக்காரர். ஹெட் என்பது சிலிண்டரின் மூடி. தண்ணீர் டிரம்மில் மாட்டி ஒரே இழுப்பில் ஸ்டார்ட் செய்து காட்டினார். டீ வரவழைத்தார். அப்புறம், "உங்க அப்பா நம்ம கடையில எஞ்சின் எடுத்தவருதானே" என்றார்.

அங்கேதான் விழுந்தேன். அப்பா தவறி ஆறு வருஷம் ஆகிறது. அவரைத் தெரிந்த மனிதரிடம் ஹெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்ல வாய் வரவில்லை. 92,000-ஐ எண்ணிக் கொடுத்தேன். கையில் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு, எஞ்சின் நம்பர்கூட இல்லாமல்.

முந்தாநாள் போட்டிக்கு முன் சோதனை. ஹெட்டைத் திறந்து கரியைத் துணியால் துடைத்ததும் பிஸ்டன் தலையில் குத்தியிருந்தது தெரிந்தது: 0.50, அதாவது அரை மி.மீ. பெரிய பிஸ்டன். வெர்னியர் வைத்தால் 56.50. கணக்குப் போட்டால் 250.7 சிசி. தாண்டியது ஒரு சிசிகூட இல்லை, ஆனாலும் போட்டிக்கு வெளியேதான். சோதித்தவர்கள் மேல் தப்பில்லை, அந்த விதியை எழுதினதில் நானும் ஒருவன். மெக்கானிக் சொன்னதுதான் வயிற்றைக் கலக்கியது: இதற்கு மேல் போர் போட இடமில்லை, அடுத்த தடவை ஸ்லீவ்தான், அதாவது சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்கணும்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "போர் போட்டா பவர் கூடத்தானே செய்யும்?" என்றார். மறுபடி செய்தேன். "கடலுக்குத்தானே குடுத்தேன், ரேஸுக்கா குடுத்தேன்?" மூன்றாவது தடவை கடைப் பையன் எடுத்து, ஓனர் காரைக்கால் போயிருக்கார் என்றான். இன்று காலை நேரில் போனால் ஓனர் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார். "வித்த சாமானைத் திரும்ப எடுக்கிறதில்ல." என் முகத்தைப் பார்க்கவே இல்லை. 92,000 ரூபாய் வாங்கியபோது தோளில் கை போட்ட அதே ஆள்.

என்ன பார்க்கணும் என்று விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. ஹெட்டைக் கழற்றாமல் காசு கொடுக்காதீர்கள். உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். பில்லில் எஞ்சின் நம்பரும் பிஸ்டன் அளவும் எழுதி வாங்குங்கள். ஸ்டிக்கரை நம்பாதீர்கள்.

நாளைக்கு மறுபடி போகிறேன். ஹெட்டைப் பூட்டாமல், அந்த 0.50 தெரிகிற மாதிரி அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு.