பஃபேயா, மெனுவா? ரொட்டி சொன்ன தீர்ப்பு

போன மாதம் வீட்டில் ஒரு பிறந்தநாள். எட்டுப் பேர். வட இந்திய உணவகம்தான் என்று சீக்கிரமே முடிவாகிவிட்டது. மதியம் போய் பஃபே சாப்பிடுவதா, இரவு போய் மெனு பார்த்து ஆர்டர் செய்வதா என்பதில்தான் இழுபறி. இத்தனைக்கும் ஒரே கடை, ஒரே சமையல்காரர்கள். வெளிநாட்டுக்கு வந்து பத்து வருடமாக இரண்டையும் மாறி மாறிச் சாப்பிட்டவன் என்பதால் முடிவை என் தலையில் கட்டினார்கள். இரவு என்றேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு அன்று சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பஃபேயின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செலவு குறைவு, காத்திருக்க வேண்டாம், பெயர் தெரியாத பதார்த்தத்தை ஒரு கரண்டி எடுத்து ருசி பார்க்கலாம், குழந்தைகள் நாலு குலாப் ஜாமூன் எடுத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். சரி, அது போகட்டும்.

பலர் யோசிக்காத ஒன்றும் பஃபேக்குச் சாதகமாக இருக்கிறது. சில பதார்த்தங்கள் காத்திருந்தால்தான் ருசிக்கும். தால் மக்கனி அப்படி. கறுப்பு உளுந்தை முழுதாக ஊறவைத்து, கொஞ்சம் ராஜ்மா என்கிற சிவப்புப் பீன்ஸும் சேர்த்து, மெல்லிய தீயில் மணிக்கணக்காக விட்டால்தான் அது குழைந்து வரும். டெல்லி ஐடிசி மௌர்யா ஹோட்டலின் புகாரா உணவகத்து தால் 18 மணி நேரம் அடுப்பில் இருப்பதாகப் பெயர் வாங்கியது. ராஜ்மா, கொண்டைக்கடலையில் செய்யும் சோலே எல்லாம் இதே ஜாதி. பஃபேயில் இவற்றுக்கு ஒரு குறையும் வராது. மதியம் போனால் நான் நேராக இவற்றிடம்தான் போவேன்.

பனீர், தந்தூரி சிக்கன் பக்கம் வந்தால் கதை வேறு. சூட்டுத் தட்டில் உணவைக் கெடாமல் வைக்க 60 டிகிரிக்கு மேல் வைத்தாக வேண்டும். அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் கிடந்தால் பனீர் ரப்பராகும், சிக்கன் டிக்கா வறளும், கிரீம் சேர்த்த கிரேவியில் நெய் தனியாகப் பிரிந்து மேலே நிற்கும். மெனுவில் சொன்னாலும் கிரேவி அன்றன்று புதிதாக அரைப்பது என்று நம்ப வேண்டாம். பெரும்பாலான கடைகளில் வெங்காயம்-தக்காளி, வெண்ணெய் சேர்த்த மக்கனி, முந்திரி போட்ட வெள்ளை, பாலக் கீரை என்று நாலைந்து அடிப்படை கிரேவிகள் தயாராக இருக்கும். அதில் ஒன்றை எடுத்துச் சூடாக்கி பனீரையோ கறியையோ சேர்த்து முடிப்பார்கள். ஆனால் அந்தக் கடைசி ஐந்து நிமிடம் நமக்காக நடக்கிறது. காரம் கூட்டச் சொல்லலாம், சர்க்கரையைக் குறைக்கச் சொல்லலாம். பஃபேயில் யாருக்கும் காரமாகிவிடக் கூடாது என்ற கணக்கில்தான் மசாலா விழும்.

இதெல்லாம்கூட எனக்கு இரண்டாம் பட்சம். என்னை இரவுப் பக்கம் சாய்த்தது ரொட்டி. (ரொட்டியின் பெயரும் 'நான்', எழுதுபவனும் நான், குழப்பம் வேண்டாம் என்று 'நான் ரொட்டி' என்றே எழுதுகிறேன்.)

தந்தூர் அடுப்பின் மண் சுவர் 400 டிகிரியைத் தாண்டும். மெத்தைபோல ஒன்றில் மாவை விரித்து, அந்தச் சுவரில் அறைந்தால் ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும். சுவரில் ஒட்டிய பக்கம் மொறுமொறுப்பு, நெருப்பைப் பார்த்த பக்கம் கருகிய கொப்புளங்கள், நடுவே பஞ்சு. கம்பியால் கொக்கி போட்டு எடுத்த அந்த நொடியிலிருந்து அது இறங்குமுகம்தான். ஆற ஆற மாவிலுள்ள ஸ்டார்ச் இறுகுகிறது. மூடி வைத்தால் தன் ஆவியிலேயே நனைந்து தோலாகிறது, திறந்து வைத்தால் காய்ந்து அட்டையாகிறது. தோசையை அடுக்கி வைத்துப் பரிமாறினால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியுமே, அதேதான். மைதா என்பதால் இன்னும் மோசம். பஃபேயில் கூடை நிறையத் துண்டு துண்டாகப் போட்டு வைத்திருக்கும் நான் ரொட்டியை எத்தனை முறை பிய்க்க முடியாமல் பிய்த்திருப்பேன்! கோதுமை தந்தூரி ரொட்டி இதைவிடச் சீக்கிரம் விறைத்துவிடும் என்பதால் பல பஃபேக்களில் அதை வைப்பதே இல்லை.

அலுவலகத்தில் பஞ்சாபின் லூதியானாக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் ஆர்டர் செய்வதைப் பார்த்துத்தான் எனக்குப் புத்தி வந்தது. நாங்கள் எல்லோரும் ஆளுக்கு இரண்டு ரொட்டி என்று மொத்தமாகச் சொல்வோம். அவர் மேசைக்கு இரண்டு மட்டும் சொல்வார், அதைப் பங்கிட்டுத் தின்னும்போதே அடுத்த இரண்டு. பரிமாறுபவருக்கு நடை அதிகம்தான், ஆனால் ஒரு துண்டுகூட ஆறியதாக வாயில் போகாது. பஞ்சாப் கிராமங்களில் சாஞ்சா சூல்ஹா என்று பொது அடுப்பு உண்டு. பிசைந்த மாவை எடுத்துக்கொண்டு போய் அங்கே சுட்டு வருவார்கள். ரொட்டி என்றால் அடுப்போடு ஒட்டிய விஷயம் என்பது அவர்களுக்கு ரத்தத்தில் இருக்கிறது போலும்.

கரி அடுப்பா, கேஸ் அடுப்பா என்று சிலர் பெரிதாகக் கேட்பார்கள். வெளிநாட்டில் பல இடங்களில் கேஸ் தந்தூர்தான். ரொட்டிக்கு அதில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. புகை ஏறுவதற்குள் அது வெளியே வந்துவிடுகிறது. கபாபுக்கு வேண்டுமானால் கேளுங்கள். கொழுப்பு கரியில் சொட்டி எழும் புகை அதற்குத் தேவை.

பஃபேயிலும் ரொட்டியை மட்டும் மேசைக்குச் சூடாகக் கொண்டுவரும் கடைகள் சில உண்டு. அப்படி ஒன்று பக்கத்தில் இருந்தால் என் வாதத்தில் பாதி விழுந்துவிடும், தாராளமாக மதியமே போகலாம். முன்பதிவு செய்யும்போது இதை மட்டும் கேட்டுவிடுங்கள். இன்னொன்று: நான் சொல்வதெல்லாம் பஞ்சாபி, டெல்லி வகைக் கடைகளை வைத்து. லக்னோ பாணி கடைக்கு இரண்டே முறைதான் போயிருக்கிறேன், அங்கே கதை மாறலாம். பிரியாணிக்காக மட்டும் போகிறவர்களுக்கும் இரண்டில் எது மேல் என்று சொல்லத் தயக்கம்தான். மூடி ஒட்டித் தம் போட்ட பானையை உடைத்து எடுத்துத் தருவதற்குப் பதில் சோற்றையும் கிரேவியையும் கலந்து தரும் வழக்கத்தை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன்.

பிறந்தநாள் இரவில் ரொட்டி ஏழு சுற்று வந்தது. நடுவில் ஒருமுறை பத்து நிமிடம் வெறும் கிரேவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சின்னவன் சிணுங்கினான், மச்சான் பஃபேயை ஞாபகப்படுத்தினார். அப்புறம் புதினா தூவிய சூட்டோடு ஒன்று வந்ததும் பேச்சு நின்றது. பில் மதியத்தைவிடக் கூடத்தான் வந்தது. மீந்த தால் மக்கனியை டப்பாவில் கட்டி வாங்கி வந்தோம். மறுநாள் அது இன்னும் நன்றாக இருந்தது, தொட்டுக்கொள்ளத்தான் ரொட்டி இல்லை.