மலையகத்துச் சைனீஸ் ஹோட்டல்: எதைக் கேட்டுச் சாப்பிடலாம், எதை விட்டுவிடலாம்

கண்டியிலிருந்து நுவரெலியா, பண்டாரவளை வரை சிவப்பு போர்டும் டிராகன் படமும் வைத்த சாப்பாட்டுக் கடைகளுக்குக் குறைவில்லை. சீனக் குடும்பமே நின்று நடத்தும் கடைதான் அபூர்வம். அதற்குக் காரணம் உண்டு, மலையகத்தாருக்கு அது புதிதும் இல்லை.

இலங்கைக்கு வந்த சீனரில் பெரும்பாலோர் ஷான்டொங், ஹூபெய் மாகாணத்தவர். ஷான்டொங்காரர் துணி மூட்டையோடு ஊரூராகப் போய் விற்றார்கள். ஹூபெய்காரரில் பலர் பல் கட்டும் தொழில் செய்தார்கள். சமையல் பிறகு வந்த பிழைப்பு. ஷான்டொங் கோதுமை விளையும் மண். வீட்டில் மாவு உருட்டி அவித்துச் சாப்பிட்டவர்கள், இங்கே சோறு தின்பவர்களுக்காகக் தென் சீனத்துக் கன்டோனிய வழி ஃப்ரைட் ரைஸையும், இறைச்சியும் காய்கறியும் கலந்து வதக்கி அமெரிக்காவில் பேர் வாங்கிய சொப் சூயியையும் மெனுவில் போட்டார்கள். 'இது அசல் சீனச் சாப்பாடா?' என்று மூக்கைச் சுளிப்பதில் அர்த்தமே இல்லை. லீக்ஸும் கரட்டும் தாராளமாக விழும் ஃப்ரைட் ரைஸ் இந்த நாட்டுச் சாப்பாடு.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றுப் போனவர்களில் இந்தச் சீனரும் அடக்கம். நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினருக்கு 2003 இல் குடியுரிமை தரும் சட்டம் வந்தது. சீன வம்சாவளியினருக்கு 2008 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை காத்திருப்புத்தான். அதற்குள் பல வீட்டுப் பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள். கடைப் பேர் நிற்கிறது, தாச்சி கைமாறிவிட்டது. சமையற்காரர் தோட்டத்துப் பையனாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை. கை பழகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நுவரெலியாவில் அதைச் சோதிக்க முதலில் முட்டை ஃப்ரைட் ரைஸ் கேளுங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கும். கொழும்புக் கணக்கில் வேகவைத்தால் அரிசியின் நடு வேகாது. அதற்காகத் தண்ணீரைக் கூட்டினால் வெளிப்புறம் குழையும். தெரிந்த கடை அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்து, தட்டில் பரப்பி, ஆறவிட்டு எடுக்கும். சோறு கட்டி கட்டியாக வந்தால் சுடச்சுடத் தாச்சியில் கொட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொரு வில்லங்கம் காஸ். அதில் இருக்கும் பியூட்டேன் பூச்சியத்தை ஒட்டிய குளிரில் ஆவியாக மறுக்கும். ஜனவரி இரவில் ஒரே 12.5 கிலோ சிலிண்டரை விடாமல் எரித்தால், அது தானும் குளிர்ந்து தீ சுருங்கிவிடும். தீ குறைந்தால் லீக்ஸ் தண்ணீர் விடும். ரைஸ் வறுபடாமல் அவியும். இரண்டு மூன்று சிலிண்டரை ஒன்றாக இணைத்த கடையில் இந்தத் தொல்லை குறைவு. மற்றக் கடைகளில் குளிர்காலத்தில் நேரத்தோடு சாப்பிட்டுவிடுவது நல்லது.

ஹொட் பட்டர் கணவாய் எல்லோரும் கேட்பது, பெரும்பாலும் ஏமாற்றுவதும் அதுதான். மலைக்கு வரும் கணவாய் ஐஸில் கிடந்து தண்ணீர் கோத்திருக்கும். நன்றாக ஒற்றி எடுத்து, சோளமாவு பூசி, கொதிக்கும் எண்ணெயில் ஒன்றிரண்டு நிமிடம் பொரித்து, கடைசியில் பட்டரும் வெங்காயத்தாளும் காய்ந்த மிளகாயும் போட்டுப் புரட்ட வேண்டும். ஈரம் இருந்தால் மாவு கழன்றுவிடும். நேரம் கூடினால் ரப்பர். பட்டருக்குப் பதில் மாஜரின் என்றால் ஆறியதும் நாக்கில் மெழுகுப் படலம் ஒட்டும். சந்தேகமாக இருந்தால் அதே பக்குவத்தில் காளான் கேளுங்கள்.

சில்லி பேஸ்டையும் தொட்டுப் பாருங்கள். காய்ந்த மிளகாய், பூண்டு, வினாகிரி, சீனி சேர்த்து எண்ணெய் பிரியும்வரை வதக்கினால் கருஞ்சிவப்பாக இருக்கும். போத்தல் சோஸில் மிளகாய்த்தூள் கலந்தது பளீரென்று சிவந்து, இனிப்புத்தான் முன்னால் நிற்கும்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் எந்தக் கடையையும் எடை போட வேண்டாம். கூட்டத்துக்கு மொத்தமாக வறுத்துக் கொட்டுவார்கள். பில்லில் 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேருமா என்று முன்பே கேளுங்கள். லார்ஜ் ஒன்று பெரும்பாலும் இரண்டு பேருக்குப் போதும். பார்சல் எடுத்தால் பொரியலைத் தனியாகக் கட்டச் சொல்லி, பெட்டி மூடியைக் கொஞ்சம் திறந்துவையுங்கள். இல்லாவிட்டால் பஸ் ஏறும் முன்பே ஆவியில் ஊறிவிடும்.