மொட்டைமாடியில் ஹெக்ஸ்பீம்: சில வருட அனுபவம்

சின்ன மொட்டைமாடிதான் இருக்கிறது, ஆனாலும் திருப்பக்கூடிய ஆண்டெனா வேண்டும் என்று யோசிக்கிற ஹாம்களுக்காக (அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்காக) இதை எழுதுகிறேன். சென்னையில் கடலோரத்தை ஒட்டி இரண்டு மாடி வீடு. அதன் மேல் ஆறு மீட்டர் ஜிஐ பைப்பில் ஒரு ஹெக்ஸ்பீம் (அறுகோண வடிவில் கம்பி கட்டிய, ஒரு திசையை நோக்கும் ஆண்டெனா) சில வருடங்களாக நிற்கிறது. அலைநீளத்தில் 20, 17, 15, 12, 10 மீட்டர் என ஐந்து பேண்டுக்கும் (அலைவரிசைத் தொகுதிக்கும்) அது ஒன்றுதான். ரிக் (ரேடியோ பெட்டி) சாதாரண 100 வாட்.

20 மீட்டருக்கு முழு அளவு யாகி (பழைய டிவி ஆண்டெனா மாதிரியானது) வைத்தால் எலிமென்ட் (குறுக்குக் குழாய்) ஒவ்வொன்றும் பத்து மீட்டர் சுமாருக்கு வரும். நெருக்கமான தெருவில் அதைச் சுற்ற விட இடம் கிடையாது, குறுக்கித்தான் ஆக வேண்டும். அதற்கு முக்கியமாக இரண்டு வழி. எலிமென்ட்டில் காயில் (கம்பிச் சுருள்) போட்டு நீளத்தைக் குறைக்கலாம். இல்லையென்றால் கம்பி நீளத்தைக் குறைக்காமல் மடக்கி வைக்கலாம். இத்தனை நாள் பழகியதில் எனக்கு உறுதியாகத் தெரிவது, மடக்குவதுதான் மேல்.

காயில் வைத்த மினி பீம் ஒன்றில், நண்பர் வீட்டில், நிறைய நேரம் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து மீட்டர் அகலம், பார்க்க அழகு, திருப்புவதற்குச் சின்ன ரோட்டேட்டரே (மோட்டார்) போதும். ஆனால் எலிமென்ட் குட்டையாகக் குட்டையாக அதன் கதிர்வீச்சுத் தடை (பவர் அலையாக வெளியேறுவதைக் காட்டும் ஓம் கணக்கு) இறங்கும். அதே பவருக்கு மின்னோட்டம் கூடும், அதில் ஒரு பகுதி காயிலில் சூடாகப் போய்விடும். அதைவிடத் தொல்லை பேண்ட் அகலம், அதாவது ஆண்டெனா ஒழுங்காக வேலை செய்யும் அலைவரிசை எல்லை. 20 மீட்டர் பேண்ட் 14.000 முதல் 14.350 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 350 கிலோஹெர்ட்ஸ். இந்த மாதிரி மினி பீம்கள் அதில் சுமார் நூறு கிலோஹெர்ட்ஸுக்குத்தான் ஒழுங்காக எஸ்.டபிள்யூ.ஆர். (ரிக்கோடு ஆண்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) காட்டும். எஸ்.எஸ்.பி. (குரலில் பேசும்) பகுதிக்குச் சரிசெய்தால் மோர்ஸ் பகுதியில் எகிறிவிடும். ட்யூனர் (ரிக்கையும் ஆண்டெனாவையும் பொருத்தும் பெட்டி) போட்டு ரிக்கைச் சமாதானப்படுத்தலாம். ஆனால் போன முன்-பின் விகிதத்தை (முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் எவ்வளவு குறைவாகக் கேட்கிறது என்பதை) ட்யூனரால் திருப்பிக் கொண்டுவர முடியாது.

மடக்குகிற வழிக்கு நல்ல பரம்பரை உண்டு. ஆஸ்திரேலியாவின் விகே2ஏபிக்யூ (இது ஒரு ஹாமின் கால்சைன், அதாவது நிலைய அடையாளப் பெயர்) போட்ட சதுரத்தை இங்கிலாந்தின் லெஸ் மாக்ஸன், ஜி6எக்ஸ்என், செவ்வகமாக மாற்றினார். அமெரிக்காவின் எல்.பி. செபிக் அதைக் கணினியில் அலசி எல்லாரும் செய்யும்படி அளவு கொடுத்தார். ஹெக்ஸ்பீமும் ஏறக்குறைய இதே யோசனைதான். ஆறு ஃபைபர் குச்சிகளைக் தலைகீழான குடை போல வளைத்து, அதில் கம்பிகளைக் கட்டுவது. ஆரம்பகால வடிவத்தில் பேண்ட் அகலம் குறைவு. ஸ்டீவ் ஹன்ட், ஜி3டிஎக்ஸ்க்யூ, ரிஃப்ளெக்டரை (பின்பக்க எலிமென்ட்டை) விளிம்போடு ஓட விட்டு அதைச் சரிசெய்தார். என்னிடம் இருப்பது அவர் அளவில் கட்டியது. விட்டம் ஆறரை மீட்டர் போல வரும், 20 மீட்டர் பேண்ட் முழுக்க ட்யூனர் இல்லாமலே ஓடுகிறது.

சரி, எவ்வளவு லாபம்? டைபோலைவிட (நடுவில் பிரித்த சாதாரண ஒற்றைக் கம்பி ஆண்டெனாவைவிட) மூன்றரை டெசிபெல் அளவுக்குத்தான். என் 100 வாட், எதிர்முனையில் இருநூறு வாட்டுக்குக் கொஞ்சம் மேலே தெரியும். ரிக்கின் சிக்னல் மீட்டரில் பார்த்தால் அரை எஸ் யூனிட் (அந்த மீட்டரின் ஒரு படியில் பாதி). இதற்காகவா இவ்வளவு பைப்பும் கயிறும் என்று கேட்டால், இதற்காக மட்டும் என்றால் வேண்டாம்தான்.

உண்மையான பலன் காதில் இருக்கிறது. நகரத்தில் நம்மைக் கொல்வது இரைச்சல். எல்இடி பல்பு, சிசிடிவி அடாப்டர், சோலார் இன்வெர்ட்டர் என்று தெருவே கத்துகிறது. எங்களுக்குத் தெற்கே ஒரு மாடியில் சோலார் பேனல். வெயில் இருக்கும் வரை 15 மீட்டரில் அதன் இரைச்சல் டைபோலில் எஸ் 6-ல் நிற்கும். பீமை வடமேற்கே ஐரோப்பாவுக்குத் திருப்பினால் எஸ் 3-க்கு இறங்குகிறது. அந்த மூன்று யூனிட்டுக்கு அடியில் புதைந்திருந்த நிலையங்கள் அப்போதுதான் தெரியவருகின்றன. டைபோலில் "யாரோ இருக்கிறார்" என்று மட்டும் தெரிந்த மனிதரின் கால்சைனை முதல் தடவையிலேயே எழுதிக்கொள்ள முடிகிறது. நான் பீம் வைத்திருப்பதே இதற்காகத்தான்.

திசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவர் வரைபடத்தைப் பார்த்து ரோட்டேட்டரைத் திருப்பாதீர்கள். வடக்கிலிருந்து வலமாக எண்ணினால், சென்னையிலிருந்து லண்டன் 320 டிகிரி, டோக்கியோ 56. நியூயார்க்குக்கு மேற்கே பார்க்கக் கூடாது, 337, கிட்டத்தட்ட வடக்கு. லாஸ் ஏஞ்சலஸ் வடக்குக்குக் கிழக்கே 20 டிகிரிதான். அமெரிக்கா முழுவதும் நமக்கு ஆர்க்டிக் வழியாகத்தான் வருகிறது. ஹெக்ஸ்பீமின் கதிர் அகலமானது என்பதால் பத்து டிகிரி தள்ளி நின்றாலும் குற்றமில்லை. மலிவு ரோட்டேட்டர் வைத்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

சூரியச் சுழற்சியையும் (சூரியனின் செயல்பாடு கூடிக் குறைவதை) கணக்கில் எடுங்கள். 2019 வாக்கில் 10 மீட்டர் பெரும்பாலும் மௌனமாகக் கிடந்தது, 20-ம் 17-ம்தான் சோறு போட்டன. 2024-ல் உச்சம் வந்தபோது 12, 10 இரண்டிலும் உலகமே திறந்து கிடந்தது. ஆண்டெனா பத்து வருடம் நிற்கப் போகிறது என்றால் ஐந்து பேண்டிலும் முழு இரண்டு எலிமென்ட் கிடைப்பது நல்லது. சில மினி பீம்களில் 17-ம் 12-ம் வெறும் டைபோல்தான், வாங்குமுன் விசாரியுங்கள்.

பராமரிப்பு கொஞ்சம் உண்டு. உப்புக்காற்றில் செம்பு முனைகள் களிம்பு பிடிக்கும். புரட்டாசியில் மழைக்கு முன்னால் பைப்பைச் சாய்த்து, போல்ட் ஒவ்வொன்றாகக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி மூடுகிறேன். போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ். வெயிலில் ஃபைபர் குச்சியின் மேற்பூச்சு உதிர்ந்து நார் சிலும்பும், கையில் குத்தினால் அரிப்பு போகாது. பெயிண்ட் அடித்தால் நிற்கும். கயிறு பாலியெஸ்டராக இருக்கட்டும், நைலான் நனைந்தால் தொய்யும். வர்தா புயலைப் பார்த்த ஊர் இது, புயல் எச்சரிக்கை வந்தால் பீமை இறக்கிவிடுவேன்.

10 மீட்டர் மட்டும் போதும் என்பவருக்கு ஹெக்ஸ்பீம் தேவையே இல்லை. அந்த பேண்டுக்கான 28 மெகாஹெர்ட்ஸ் மாக்ஸன் செவ்வகம் 3.9 மீட்டருக்கு 1.4 மீட்டர்தான். மூங்கிலும் வயரிங் கம்பியும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும். முன்-பின் விகிதத்தில் ஹெக்ஸ்பீமை அது மிஞ்சும்.

ஹெக்ஸ்பீம்தான் என்று முடிவெடுத்தால், முதலில் டேப்போடு மாடிக்குப் போங்கள். பைப் நிற்கப்போகும் இடத்திலிருந்து சுற்றிலும் மூன்றரை மீட்டர் அளந்து, தண்ணீர்த் தொட்டியோ தென்னை மட்டையோ இடிக்குமா என்று பாருங்கள். அப்புறம் பைப் அப்படியே சாய்ந்தால் எங்கே விழும் என்று அளந்து பாருங்கள். அந்தத் தூரத்துக்குள் ஈபி கம்பி ஓடினால் வேறு மூலையைத் தேடுங்கள்.